தேசமும் புரட்சியும்: வரலாற்றுத் தேர்வில் மனப்பாடம் எதுவரை கைகொடுக்கும்?

"பிரெஞ்சுப் புரட்சி, இத்தாலி, ஜெர்மனி ஒருங்கிணைப்பு, ரஷ்யப் புரட்சி எல்லாவற்றையும் வரி விடாமல் படித்துவிட்டேன். ஆண்டுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் மாதிரித் தேர்வில் பாதி மதிப்பெண்ணைத் தாண்டவில்லை. மேல்நிலை இறுதித் தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆறு வாரம் தாராளம். உங்களிடம் தகவலுக்குப் பஞ்சம் இல்லை என்பது கேள்வியிலேயே தெரிகிறது. இவ்வளவு படித்தும் மதிப்பெண் வராதவர்களின் விடைத்தாளைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே கோளாறுதான் கண்ணில் படும். கேள்வி 'ஏன்' என்றோ 'எந்த அளவுக்கு' என்றோ கேட்டிருக்கும். விடை 'என்ன நடந்தது' என்று ஓடிக்கொண்டிருக்கும். 16ஆம் லூயி பட்டத்துக்கு வந்ததில் தொடங்கி, அரசி செலவாளி என்று சொல்லி, பாஸ்டில் சிறையை உடைத்து, கில்லட்டின் என்ற தலைவெட்டும் கருவியில் முடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள். தகவல் எதுவும் தப்பில்லை. திருத்துபவர் சிவப்பு மையில் அடிக்க ஓரிடம் இருக்காது. மதிப்பெண் போடவும் ஓரிடம் இருக்காது.

முதல் சில நாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஆட்சி யார் பெயரால் நடக்கிறது, அந்த 'யார்' என்பதில் யாரெல்லாம் சேர்த்தி? தேசம், புரட்சி என்ற இரண்டு தலைப்புகளையும் ஒரே முடிச்சில் கட்டியிருப்பதே இந்தக் கேள்விதான் என்பது என் கட்சி. 1789 வரை பிரான்சில் மன்னர் கடவுளின் பெயரால் ஆண்டார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று ஏற்கப்பட்ட மனித, குடிமக்கள் உரிமைப் பிரகடனத்தின் 3ஆம் பிரிவு, இறையாண்மை தேசத்திடமே இருக்கிறது என்றது. சரி, தேசம் என்றால் யார்? 1791 அரசியலமைப்பு, மூன்று நாள் கூலிக்குச் சமமான நேரடி வரி கட்டும், 25 வயது நிரம்பிய ஆண்களுக்கு மட்டும் வாக்குரிமை தந்தது. அதே ஆண்டு ஒலிம்ப் தெ கூஜ் பெண்களுக்கென்று ஓர் உரிமைப் பிரகடனம் எழுதி, நாங்கள் இல்லையா என்று கேட்டார். கடலுக்கு அப்பால் சான் டொமிங் என்ற பிரெஞ்சுக் காலனியில் அடிமைகள் 1791 ஆகஸ்டில் கிளர்ந்தெழுந்து இதே கேள்வியைத் தீவட்டியோடு கேட்டார்கள். 1794 பிப்ரவரியில் பாரிஸ் அடிமை முறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவர முனைந்தார். 1804 ஜனவரி 1 அன்று அந்தக் காலனி ஹெய்தி என்ற தனி நாடானது.

இந்தக் கேள்வியை மற்றப் பாடங்களுக்கும் எடுத்துச் செல்லுங்கள். 1849இல், ஜெர்மன் நாடுகளின் மக்கள் பிரதிநிதிகள் கூடிய பிராங்பர்ட் நாடாளுமன்றம் ஜெர்மனியின் கிரீடத்தை நீட்டியபோது பிரஷ்ய மன்னர் நான்காம் பிரடெரிக் வில்லியம் மறுத்துவிட்டார். ஜெர்மன் ஒற்றுமை அவருக்குக் கசக்கவில்லை. கிரீடத்தை மக்கள் பிரதிநிதிகள் கையால் வாங்குவதுதான் கசந்தது. 1861 மார்ச்சில் இத்தாலி ஒரே முடியாட்சியானபோது, சுமார் 2.2 கோடி மக்களில் வாக்குரிமை இருந்தவர்கள் ஏறத்தாழ 2 சதவீதம்தான். புதிய நாட்டின் முதல் அரசர் தன்னை 'இரண்டாம் விக்டர் இம்மானுவேல்' என்றே அழைத்துக்கொண்டார், அதாவது ஒருங்கிணைப்பை முன்னின்று நடத்திய பியட்மாண்ட் அரசின் மன்னர் வரிசைப்படி. 'இரண்டாம்' என்ற இந்த ஒரு எண்ணை விடையில் எழுதினால் போதும், இத்தாலி உருவானதா, பியட்மாண்ட் விரிந்ததா என்ற விவாதத்துக்குள் நேராக இறங்கிவிடலாம்.

இப்படிப் படிக்க ஆரம்பித்தால் எதை விடலாம் என்பதும் தானாகத் தெரியவரும். அரண்மனை ஆடம்பரக் கதைகளில் முக்கால்வாசி போய்விடும். போகட்டும்.

ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவற்றைக் கைவிடச் சொல்லவில்லை, தனித்தனியாகப் படிக்காதீர்கள். ஒரு கொத்தாக எடுத்து, இரண்டு தேதிகளுக்கு நடுவில் 'ஆகவே' என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். 1789 ஜூலை 11 அன்று மன்னர் நிதியமைச்சர் நெக்கரைப் பதவி நீக்கினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, செய்தி பாரிசுக்கு வந்தது. நகரைச் சுற்றி ஏற்கெனவே படைகள் குவிந்திருந்தன; ஆகவே பொதுமக்களின் பிரதிநிதிகள் ஜூனில் அமைத்த தேசிய சபையைக் கலைக்கப் போகிறார்கள் என்ற அச்சம் பரவியது. ஆகவே மக்கள் ஆயுதம் தேடினார்கள். 14ஆம் தேதி காலையில் இன்வாலிட்ஸ் கட்டடத்தில் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் கிடைத்தன, ஆனால் வெடிமருந்து போதவில்லை. ஆகவே வெடிமருந்து இருந்த பாஸ்டிலுக்குப் போனார்கள். உள்ளே இருந்த கைதிகள் 7 பேர்தான். கொடுங்கோல் சிறையிலிருந்து மக்களை விடுவிக்கப் போனார்கள் என்று எழுதுகிறவர், பின்னாளில் ஏறிய அடையாளத்தை அன்றைய நோக்கமாக்கிவிடுகிறார். அந்தத் தாக்குதலின் உண்மையான விளைவு என்ன? மன்னர் படைகளைத் திருப்பி அனுப்பினார், நெக்கரை மீண்டும் அழைத்தார், தேசிய சபை பிழைத்தது. இப்படி ஒரு 'ஆகவே' எழுத முடியாத தேதி உங்கள் பட்டியலில் இருந்தால் அது தேர்வுக்கு வெறும் சுமை.

ரஷ்யாவில் ஒரு எச்சரிக்கை. அங்கே பழைய நாட்காட்டி ஐரோப்பாவைவிட 13 நாள் பின்தங்கியிருந்தது. 1918 ஜனவரி 31க்கு அடுத்த நாளை பிப்ரவரி 14 என்று வைத்துத்தான் சரிசெய்தார்கள். 'அக்டோபர்' புரட்சி நவம்பர் 7 அன்று நடந்ததாகச் சில புத்தகங்கள் சொல்வது இதனால்தான். விடை முழுக்க ஏதாவது ஒரு முறையைப் பின்பற்றுங்கள். எந்த முறை என்று முதல் பத்தியில் ஒருமுறை சொல்லிவிட்டால் சிக்கல் இல்லை.

அதிகம் சறுக்குவது காரணங்களைக் கேட்கும் கேள்வியில். ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்த்துவிடுவோம். "பிரெஞ்சுப் புரட்சிக்கு நிதி நெருக்கடியே காரணம். எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?" வழக்கமான விடை நிதி, சமூகம், சிந்தனையாளர்கள், பஞ்சம் என்று நான்கு காரணங்களுக்கு நான்கு பத்தி ஒதுக்கி, 'ஆக, பல காரணங்கள் இருந்தன' என்று முடியும். எதையும் எடைபோடாத விடை இது. நடுத்தர மதிப்பெண்ணுக்கு மேல் ஏறாது.

எடைபோடுவது எப்படி? நிதிப் பக்கம் வலுவான ஆதாரம் உண்டு. அமெரிக்க விடுதலைப் போருக்கு பிரான்ஸ் செலவிட்டது நூறு கோடி லிவருக்கும் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) மேல், பெரும்பாலும் கடன். 1788இல் அரசுச் செலவில் ஏறத்தாழ பாதி கடனுக்கும் வட்டிக்கும் போனது. இங்கே நிறுத்தி ஒரு எதிர்க்கேள்வி கேளுங்கள்: அதே போரால் பிரிட்டனும் பெருங்கடனில்தானே இருந்தது, அங்கே ஏன் புரட்சி வரவில்லை? அங்கே வரி போட நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இருந்தது, அந்த நம்பிக்கையில் கடனும் குறைந்த வட்டிக்குக் கிடைத்தது. பிரான்சில் நிதியமைச்சர் கலோன் எல்லோருக்கும் பொதுவான நிலவரி கொண்டுவரப் பார்த்தார். 1787 பிப்ரவரியில் கூடிய பிரமுகர் சபை இணங்கவில்லை. பாரிஸ் பார்லமென்ட் என்ற நீதிமன்றம், புதிய வரிக்கு எஸ்டேட்ஸ் ஜெனரல்தான் சம்மதம் தர முடியும் என்றது. மதகுருமார், பிரபுக்கள், மற்றப் பொதுமக்கள் என்ற மூன்று எஸ்டேட்டுகளின் பிரதிநிதிகள் கூடும் சபை அது; 1614க்குப் பிறகு கூடவே இல்லை. 1788 ஆகஸ்டில் மன்னர் வேறு வழியில்லாமல் அதைக் கூட்ட ஒப்புக்கொண்டார். செப்டம்பரில் அதே பார்லமென்ட், சபை 1614இல் கூடிய முறைப்படியே கூட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதாவது எஸ்டேட்டுக்கு ஒரு வாக்கு. மதகுருமாரும் பிரபுக்களும் சேர்ந்தால் மூன்றாம் எஸ்டேட் எப்போதும் தோற்கும். அந்த நாளிலிருந்து விவாதம் வரியைவிட்டு விலகி, தேசத்தின் பெயரால் பேசும் உரிமை யாருக்கு என்பதற்குத் தாவிவிட்டது.

இப்போது விடையின் முதல் வாக்கியம் கிடைத்துவிட்டது: "நிதி நெருக்கடி மன்னரை எஸ்டேட்ஸ் ஜெனரலைக் கூட்ட வைத்தது, ஆனால் அந்தக் கூட்டத்தைப் புரட்சியாக மாற்றியது, வாக்கு எப்படி எண்ணப்பட வேண்டும் என்ற பிரதிநிதித்துவச் சண்டை." பஞ்சத்துக்கும் ஓர் இடம் உண்டு. 1788 கோடையில் 8, 9 சூ (சிறு நாணயம்) விலையில் இருந்த நான்கு பவுண்டு ரொட்டி 1789 பிப்ரவரிக்குள் பாரிசில் 14.5 சூ ஆனது. வழக்கறிஞர்கள் வெர்சாயில் நடத்திய வாதத்தோடு பாரிஸ் தெருக்கூட்டம் ஏன் சேர்ந்துகொண்டது என்பதை அது விளக்குகிறது. ஒவ்வொரு காரணமும் எதை விளக்குகிறது, எதை விளக்கவில்லை என்று எழுதினாலே எடைபோட்டதாகிவிடும். ரூசோ, வால்டேர் பெயர்களை மட்டும் தூவிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவர்களுடைய எந்தக் கருத்து, எந்த ஆவணத்தில், யார் வாயில் வந்தது என்று காட்ட முடிந்தால் எழுதுங்கள்; இல்லையென்றால் விடுங்கள்.

மூல ஆவணக் கேள்விகளுக்கு வருவோம். படமோ பத்தியோ தந்து 'இந்த ஆதாரம் எவ்வளவு பயனுள்ளது' என்று கேட்பார்கள். 'இது ஒருபக்கச் சார்புடையது, எனவே பயனில்லை' என்பது மிகச் சோம்பேறித்தனமான விடை. சார்பு இருப்பதுதான் பல நேரம் அதன் பயனே.

1789இல் வெளியான அந்தப் புகழ்பெற்ற கேலிச்சித்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முதிய விவசாயி மண்வெட்டியை ஊன்றிக் குனிந்து நிற்கிறார். முதுகில் ஒரு மதகுருவும் ஒரு பிரபுவும் சவாரி செய்கிறார்கள். மூன்று எஸ்டேட்டுகள் என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். கீழே பாருங்கள். முயல்கள் பயிரை மேய்கின்றன, பறவைகள் தானியத்தைக் கொத்துகின்றன. விவசாயி ஏன் விரட்டிக் கொல்லவில்லை? வேட்டையாடும் உரிமை பிரபுவுக்கு உரியது. தன் பயிரைத் தின்னும் முயலைக் கொன்றாலும் விவசாயிக்குத் தண்டனை. 1789 ஆகஸ்ட் 4 இரவு நிலப்பிரபுத்துவச் சலுகைகள் ஒழிக்கப்பட்டபோது இந்த வேட்டை உரிமையும் புறாக்கூண்டு உரிமையும் அதில் அடங்கியது. படத்தின் மூலையிலிருந்து ஒரு சட்டத்துக்குப் போய்விட்டீர்கள். ஆதாரத்தைப் பாடத்தோடு இணை என்று ஆசிரியர்கள் தலைபாடாக அடித்துக்கொள்வது இதைத்தான்.

தேசம் பற்றிய பகுதிக்கு என் தேர்வு, 1871 ஜனவரி 18 அன்று வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்டதைக் காட்டும் ஓவியம். வரைந்த அன்டன் ஃபான் வெர்னர் அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர். 'நேரில் கண்டவர், எனவே நம்பகமானது' என்று எழுதக் கை துறுதுறுக்கும். அவசரப்படாதீர்கள். அவர் இந்தக் காட்சியை ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரைந்தார். பாடப்புத்தகங்களில் அதிகம் வருவது 1885இல், ஒருங்கிணைப்பை நடத்திய பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்கின் 70ஆம் பிறந்தநாள் பரிசாக வரையப்பட்ட வடிவம். அதில் பிஸ்மார்க் வெள்ளைச் சீருடையில் படத்தின் நடுவில் பளிச்சென்று நிற்கிறார். அன்று அவர் உண்மையில் அணிந்திருந்தது நீலச் சீருடை. அன்றைய தினத்துக்கு இது மோசமான சாட்சி. ஆனால் ஒருங்கிணைப்பு முடிந்து 14 ஆண்டுகள் கழித்து, அந்தச் சாதனை யாருடையது என்று பேரரசின் மேல்மட்டம் நினைக்க விரும்பியது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இன்னொன்று: மண்டபத்தில் நிற்பவர்களின் உடையைப் பாருங்கள். எங்கும் இராணுவச் சீருடைதான். 1848இல் பிராங்பர்ட்டின் புனித பவுல் தேவாலயத்தில் கூடிய பேராசிரியர்களும் வழக்கறிஞர்களும் எங்கே? ஆட்சி யார் பெயரால் என்ற கேள்விக்கு இந்தப் படம் ஒரு பதில் வைத்திருக்கிறது.

ஜெர்மனியைப் பேசும்போதே ஒரு வார்த்தை. 1864இல் டென்மார்க், 1866இல் ஆஸ்திரியா, 1870இல் பிரான்ஸ் என்று மூன்று போர்களையும் பிஸ்மார்க் முன்கூட்டியே சதுரங்கம்போல் திட்டமிட்டு நடத்தினார் என்று எழுதுவது மாணவர்களுக்குப் பிடித்தமானது. பிஸ்மார்க்குக்கும் பின்னாளில் அப்படிச் சொல்லிக்கொள்வது பிடித்திருந்தது. பிரஷ்ய மன்னர் பிரெஞ்சுத் தூதரோடு பேசியதைச் சொன்ன எம்ஸ் தந்தியை, பிரான்சைச் சீண்டும்படி அவர் சுருக்கி வெளியிட்டது உண்மை. ஆனால் ஸ்பெயின் அரியணைப் பிரச்சினையில் பிரான்ஸ் பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் அந்தத் தந்தியே இருந்திருக்காது. அவர் வருவதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே, 1834இல், சுங்க ஒன்றியம் பல ஜெர்மன் அரசுகளைப் பிரஷ்யாவோடு பிணைத்துவிட்டது. ஆஸ்திரியா அதற்கு வெளியே இருந்தது. இத்தாலியோடு ஒப்பிடச் சொன்னால், இரண்டு நாட்டுக்கும் தனித்தனிக் கதை எழுதி நடுவில் 'மாறாக' என்று ஒட்டாதீர்கள். ஒரு பத்திக்கு ஒரு அளவுகோல் எடுத்து, இரண்டையும் அதே பத்தியில் நிறுத்துங்கள். வெளிநாட்டு உதவி என்று எடுத்தால், பியட்மாண்ட் பிரதமர் கவூர் 1858இல் பிளோம்பியேரில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனோடு பேரம் பேசி, 1860இல் நீஸையும் சவோயையும் விலையாகக் கொடுத்தார். பிரஷ்யா தன் நிலத்தை யாருக்கும் தரவில்லை. அடியிலிருந்து வந்த இயக்கம் என்று எடுத்தால், புரட்சித் தளபதி கரிபால்டியின் ஆயிரம் தொண்டர்கள் சிசிலியில் இறங்கியதற்கு இணையான எதுவும் ஜெர்மனியில் இல்லை. அந்தக் கரிபால்டி பிறந்த ஊர் நீஸ் என்பது சொல்லாமல் விடக்கூடாத கொசுறு.

ரஷ்யாவில் பெரும்பாலோர் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்புகிறார்கள். ஜார் ஏன் வீழ்ந்தார் என்பது ஒன்று. இடைக்கால அரசு ஏன் வீழ்ந்தது என்பது வேறு. முதலாவதில் லெனினுக்கு வேலையே இல்லை, அவர் அப்போது சுவிட்சர்லாந்தில் இருந்தார். தலைநகர் பெட்ரோகிராடில் ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்த பெண்கள், வேலைநிறுத்தம், சுட மறுத்த சிப்பாய்கள் என்று எழுத வேண்டும். இரண்டாவதில், ஒரே நகரில் இடைக்கால அரசும், தொழிலாளர், சிப்பாய்களின் மன்றமான சோவியத்தும் அருகருகே இருந்த இரட்டை அதிகாரம், போரை நிறுத்தாதது, நிலப் பிரச்சினையைத் தள்ளிப்போட்டது, ஆகஸ்டில் தளபதி கார்னிலோவ் படையைத் தலைநகர் நோக்கி நகர்த்திய விவகாரம் என்று போக வேண்டும். அதன் பிறகு நம் பழைய கேள்வி மிகக் கூர்மையாக வரும் இடம் ஒன்று உண்டு. 1917 நவம்பரில் நடந்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் லெனினின் போல்ஷ்விக்குகளுக்குக் கிடைத்தது சுமார் கால்வாசி வாக்கு. சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சிக்குத்தான் அதிகம். 1918 ஜனவரியில் கூடிய அந்தச் சபை ஒரே அமர்வோடு கலைக்கப்பட்டது. சோவியத்தும் மக்கள் பெயரால் பேசியது, சபையும் மக்கள் பெயரால் பேசியது. இதை எழுதாமல் ரஷ்யப் புரட்சி விடை முழுமை பெறாது. தேசம் என்ற பக்கத்துக்கு, 1917 டிசம்பரில் பின்லாந்து சுதந்திரம் அறிவித்ததையும் அதே மாதக் கடைசியில் லெனின் அரசு அதை ஏற்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரலாற்றாசிரியர்களின் பெயர்களைக் கேட்டால் அளவோடு போதும். லெஃபெவ்ர் முதலானோர் 1789ஐ வர்க்கப் போராட்டமாகப் பார்த்தார்கள். காபன், ஃபுரே போன்றவர்கள் அதை மறுத்து அரசியலையும் கருத்துகளையும் முன்னால் நிறுத்தினார்கள். தேசம் பற்றி 1882இல் பிரெஞ்சு அறிஞர் ரெனான் ஆற்றிய உரையில், தேசம் என்பது அன்றாடம் நடக்கும் பொதுவாக்கெடுப்பு என்ற கருத்து வருகிறது. பெயரைச் சொல்வதோடு நிற்காமல், உங்கள் ஆதாரம் அவர் பக்கம் சாய்கிறதா, எதிர்ப்பக்கமா என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

மீதமுள்ள வாரங்களில் முழு விடைகளாக எழுதிக் குவிக்காதீர்கள். பழைய கேள்வித்தாள்களை எடுத்து, கேள்விக்குப் பத்து நிமிடம் வைத்து, ஒரு முடிவு வாக்கியமும் அதைத் தாங்கும் பத்திகளின் முதல் வரிகளும் மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு முதல் வரியும் கேள்விக்கு நேரடிப் பதிலாக இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். 'அடுத்ததாக, 1792இல்' என்று தொடங்கினால் கதை உள்ளே நுழைந்துவிட்டது என்று அர்த்தம். வாரத்துக்கு ஒரு விடையை மட்டும் தேர்வு நேரத்துக்குள் கையால் முழுதாக எழுதுங்கள். கடைசி வாரத்தில் புதிதாக எதையும் தொட வேண்டாம். தேர்வறையில், நன்றாகத் தெரிந்த தலைப்பைப் பார்த்ததும் எழுதத் தாவிவிடாமல், அந்தக் கேள்வியின் கால வரம்பை அடிக்கோடிடுங்கள். '1789 முதல் 1792 வரை' என்று கேட்டிருக்கும்போது, 1793-94இல் கோலோச்சிய ரோபஸ்பியருக்கு இரண்டு பக்கம் கொடுத்தவர்கள் ஏராளம்.

உங்கள் பாடத்திட்டத்தில் ரஷ்யாவுக்குப் பதில் வேறு புரட்சி இருந்தாலும் வழி மாறாது. அமெரிக்கா என்றால் 1776 பிரகடனத்தின் 'எல்லோரும் சமம்' என்பதையும், பிரதிநிதிகளின் எண்ணிக்கைக்காக ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணிய 1787 அரசியலமைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொடங்குங்கள். சீனா என்றால் முடியாட்சியை வீழ்த்தத் தொடங்கிய 1911 அக்டோபர் 10 வூசாங் எழுச்சியையும், மக்கள் குடியரசு பற்றிய 1949 அக்டோபர் 1 அறிவிப்பையும் எடுத்துக்கொண்டு, இடைப்பட்ட 38 ஆண்டுகளில் 'மக்கள்' என்ற பட்டியலுக்குள் விவசாயி எப்போது, யாரால் கொண்டுவரப்பட்டார் என்று தேடுங்கள்.